தோம்பில் ஏறாத குடும்பங்கள்

அரசர் குலங்களின் வரலாற்றைக் கூற மெய்க்கீர்த்திகள் உள. கோயில்களின் வரலாற்றைக் கூறத் தலபுராணங்கள் உள. யாழ்ப்பாணத்திலோ தென்னிலங்கைக் கரையோரத்திலோ வாழும் காணி பூமியுள்ள குடும்பமொன்று தன் முன்னோரை அறிய விரும்பினால், ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகளும், பெட்டகத்திற் பேணப்பட்ட பழைய உறுதிகளும் ஓரளவுக்குத் துணைசெய்யும். நிலம் எவரிடத்து உண்டோ அவரிடத்துப் பெயரும் தங்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே பத்தடி அறையொன்றிற் பிறந்து, அதே லயத்தின் மற்றோர் அறையில் இறந்த ஒருவருடைய பெயர் எங்கே தங்கும்?

அப்பெயர் எங்கும் எழுதப்படவில்லை என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. தோட்டத் தொழிலாளியின் பெயரைப் பலர் பலமுறை எழுதியிருக்கின்றனர். கடன் கணக்கு வைத்த பெரிய கங்காணி எழுதினார். காலையிற் பிரட்டுக் களத்திலே பேர் போட்ட கணக்கப்பிள்ளை எழுதினார். தொற்றுநோய்த் தடுப்பு முகாமின் எழுத்தர் எழுதினார். பிற்காலத்திலே பிரசாவுரிமை விசாரணை நடத்திய அதிகாரியும் எழுதினார். எழுதாதவர் ஒருவரே, அவர் அத்தொழிலாளி. ஆகவே அக்குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுவோர், பிறர் தம் தேவைக்காக எழுதியவற்றைக்கொண்டே தேட வேண்டியவராகின்றனர். இத்தேட்டம் எவ்வாறு நிகழ்கின்றது, எங்கே இடறுகின்றது என்பதே இப்பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். இக்குடும்பம் கற்பனையே, ஆயினும் இதற்கு நேர்வன யாவும் மலைநாட்டு லயங்களில் நேரக்கூடியனவே. திம்புளைப் பகுதியில் ஒரு தோட்டம். அங்கே 1938இற் பிறந்து, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியார் இருக்கிறார். அவருடைய மகன் வயிற்றுப் பேரன் கொழும்பிலே எழுதுவினைஞனாக இருக்கிறான். மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தமையை நேயர்கள் அறிவர். அச்செய்தி அவ்விளைஞனின் உள்ளத்தைத் தூண்டியது. தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்றபோது ஒரு கொப்பியுடன் அமர்ந்து, "அப்பாயி, நம்ம எந்த ஊருலருந்து வந்தோம்?" என்று கேட்கிறான்.

"எதுக்கு ராசா அதெல்லாம் இப்ப? நம்ம இந்த நாட்டு ஆளுகதான்" என்பது அவர் விடை.

மறதியால் வந்த விடையன்று அது. ஏன் அவ்வாறு கூறினார் என்பது பின்னர்த் தெரியவரும். அனுபவமுள்ளோர் இவ்விடத்தில் வற்புறுத்தமாட்டார்கள். வேறு வழியாகக் கேட்பார்கள். லயத்து முதியோரிடம் ஆண்டுக் கணக்கைக் கேட்பதிலே பயனில்லை. நிகழ்ச்சிகளைக் கேட்டல் வேண்டும். எந்தத் துரையின் காலத்திலே அது நடந்தது, முல்லோயாவிலே கோவிந்தன் சுடப்பட்டதற்கு முன்னா பின்னா, யப்பானியர் கொழும்பிலே குண்டு போட்டபோது கைக்குழந்தை யார், கம்பளையிலே பெருவெள்ளம் வந்தபோது வயது என்ன என்று வினவினால், 1940 சனவரியும் 1942 ஏப்பிரலும் 1947 ஓகஸ்டும் தாமாகவே வந்து நிற்கும். மிகப் பழைய செய்திகளுக்கு அறுபதாண்டு வட்டத்தின் பெயர்கள் உதவும். 'தாது வருசப் பஞ்சம்' என்ற தொடர் இன்றும் சில வீடுகளில் வழங்குகின்றது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சமே அது. சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கண்டிச்சீமைக்கு மக்கள் திரண்டு வந்தமைக்கு அப்பஞ்சமும் ஒரு காரணமாகும்.

மூதாட்டியார் மெல்ல மெல்லப் பேசத் தொடங்குகிறார். தம் பாட்டனார் மன்னாரிலே தோணியால் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார் என்றும், வழியிலே வாந்திபேதியால் இறந்தவர்களை விட்டுவிட்டு நடந்தனர் என்றும் சொல்கிறார். பேரன் கண்கலங்கக் குறித்துக்கொள்கிறான். பிறகு, அவர் தம் பெட்டியிலிருந்து காசு போன்ற ஒரு தகர வில்லையை எடுத்துக் காட்டுகிறார். அதிலே ஒரு துளையும் சில எண்களும் உள்ளன. "இது அந்தத் தாத்தா கழுத்துல கட்டிக்கிட்டு வந்தது."

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. தகரத் துண்டு எனப்பட்ட அவ்வில்லை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தோட்டத்துக்குச் செல்லும் ஆள் என்பதை அதிலுள்ள எண் காட்டும். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். சரக்குப் பொதிக்கு முகவரி எழுதுவது போன்ற ஏற்பாடு என்று கூறினால் மிகையாகாது. அக்காலத்திலே வடபெருந்தெருவால் நடந்து வரும் வழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, இராகமை முகாமிலே தங்கவைக்கப்பட்டு, புகைவண்டியில் மலையேறியவர்களே பலர். நானுஓயா வரையில் 1885ஆம் ஆண்டிலேயே புகைவண்டிப் பாதை எட்டிவிட்டது. எனவே தகரத்துண்டு அணிந்த தாத்தா மன்னார்க் காட்டு வழியால் நடந்தவராதல் அரிது. நடந்தவர் அவருடைய தந்தையாக இருக்கலாம். கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய பல்லாயிரவருள் ஒருவராக இருக்கலாம். அன்றி, அயல் வீட்டார் சொன்ன கதை இவ்வீட்டுக் கதையாகவும் ஆகியிருக்கலாம். ஒரு சமூகம் முழுவதும் பட்ட துன்பம் நாளடைவில் ஒவ்வொரு குடும்பத்தின் துன்பமாகவும் நினைவிலே படிந்துவிடுகின்றது. அதைப் பொய் என்று தள்ளுவது பிழை. அதைக்கொண்டு ஆண்டு கணிப்பதும் பிழை.

இதனோடு இன்னொன்றையும் கருதவேண்டும். கோப்பிக் காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் ஆண்கள்; போவதும் வருவதுமாக இருந்தவர்கள். 1869ஆம் ஆண்டிலே காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அதற்குப் பெண்களின் கை வேண்டும், குடும்பம் வேண்டும், நிலையாகத் தங்குதல் வேண்டும். ஆகவே இருநூறு ஆண்டு என்பது சமூகத்தின் கணக்கு. தனிக்குடும்பமொன்றின் தொடர்ச்சியான கணக்கு பெரும்பாலும் நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டளவிலே தொடங்கும். இதனாற் பெருமை குறைந்துவிடாது. இந்நாட்டின் மலைகளைத் தேயிலைச் சரிவுகளாக்கியவர்கள் இவர்களே.

பேரன் அடுத்ததாகத் தோட்டத்து அலுவலகத்துக்குச் செல்கிறான். தோட்டங்கள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளிலே அரசுடைமையாயின. 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பேரேடுகள் குப்பையாயின. எஞ்சிய செக்றோல் ஒன்றிரண்டில் இராமசாமிகள் நால்வரும், முத்தம்மாக்கள் ஐவரும் இருப்பர். குடும்பப் பெயர் என்ற ஒன்று இம்மக்களிடையே இல்லை. பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் மீண்டும் வரும். ஆங்கிலத்திலே எழுதிய எழுத்தரின் காதுக்கு எட்டியபடி அப்பெயர் பல உருவங்களும் எடுக்கும். பெயரைவிட எண்ணையே நம்பவேண்டிய நிலை ஏற்படும். பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு இவ்விடத்தில் மிகவும் பயன்படுவது. அதிலே பிள்ளையின் பெயரும், தகப்பனின் பெயரும், பிறந்த தேதியும் ஒரே வரியில் இருக்கும். அத்தேதி உத்தேசமானதாக இருத்தலும் உண்டு என்பதைப் பழைய ஆசிரியர்கள் நன்கறிவர்.

இன்னும் பழைய ஏடுகள் கிடைக்குமாயின் அவை பெரும்பாலும் கடன் ஏடுகளே. கங்காணி ஊரிலே முன்பணம் கொடுத்து, தன் உறவினரையும் அயலாரையும் திரட்டிக்கொண்டு வருவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் அவர்கள் பெயரிற் கடனாக ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன கங்காணியும் அவரது ஆட்கள் இத்தனை பேரும் இவ்வளவு ரூபா கடன். அதைத் தருவோர்க்கு இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று அதில் எழுதப்படும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்கு முன்பு தோட்டம் மாறிய குடும்பங்களின் பயணத்தைக் காட்டுவது இக்கடன் கணக்கே. செல்வர் வீட்டுப் பூர்வீகம் சொத்துப் பட்டியலிலே கிடைப்பது போன்று, இவர்கள் பூர்வீகம் கடன் பட்டியலிலே கிடைக்கின்றது.

மூதாட்டியாரின் பெட்டிக்கு மீண்டும் வருவோம். அதனடியிலே ஒரு பழுப்புக் கடிதம். அவருடைய தந்தையாரின் பிரசாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பது அதன் சாரம். தந்தையார் பிறந்த இடமாகச் சேலம் மாவட்டத்து ஊரொன்று குறிக்கப்பட்டுள்ளது. அவர் தம்பி பிறந்ததோ இதே தோட்டத்து லயத்தில். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு நாடுகளிற் பிறந்தது எவ்வாறு? விடை எளிது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லுதல் நம்மவர் வழக்கம். தாய் 1908இலே மூத்த மகனைப் பெறக் கடல் கடந்து தன் தாய்வீட்டுக்குச் சென்றாள், குழந்தையுடன் திரும்பினாள், 1911இலே இரண்டாவது மகனைத் தோட்டத்திலேயே பெற்றாள்.

இந்தச் சிறு வழக்கம் நாற்பது ஆண்டுகளின் பின் எத்துணைப் பெரிய காரியமாயிற்று என்பதைப் பார்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தை இந்நாட்டிற் பிறந்தவராதல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவராதல் வேண்டும். தம்பியின் பிள்ளைகள் பிறப்புச் சான்று காட்டினால் இந்நாட்டவர். தமையனின் மகளாகிய நம் மூதாட்டியார், அதே லயத்திற் பிறந்திருந்தும், அல்லர். சட்டம் தாய்வழியைக் கேட்கவேயில்லை. பதிவேடுகள் சரிவரப் பேணப்படாத ஓர் இனத்தாரிடம் மூன்று தலைமுறைப் பிறப்புச் சான்றைக் கேட்ட சட்டம் அது. உயர்குடி மக்களிடத்தும் அச்சான்று பலரிடம் இராது. ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை.

மற்றொரு வழியாக 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது, மணமானவர் ஏழு ஆண்டும் ஏனையோர் பத்து ஆண்டும் இந்நாட்டில் வசித்திருக்கவேண்டும். ஒருமுறை வெளியே சென்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துபோம். மூதாட்டியாரின் தந்தை, 1939இல் நோயுற்ற தம் தாயைக் காண ஊர் சென்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் தேதியன்று இந்திய அரசு, கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடைசெய்தது. மனைவியும் பிள்ளைகளும் தோட்டத்தில். அவர் கடலுக்கு அப்பால். திரும்பி வருவதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது. அவ்வளவே.

இப்பொழுது "நம்ம இந்த நாட்டு ஆளுகதான்" என்ற விடையின் பொருள் விளங்கும். "உன் ஊர் எது?" என்ற கேள்வியை அக்குடும்பம் முதன்முதலிற் கேட்டது அதிகாரியின் வாயிலிருந்து. அதற்கு உண்மை கூறியவர் நாடற்றவரானார். ஊரோடு கொண்ட தொடர்பு, ஒரு சாவு வீட்டுக்குச் சென்றது, அங்குள்ளாருக்குப் பணம் அனுப்பியது, இவையெல்லாம் குற்றச்சாட்டுப் போல் எண்ணப்பட்ட காலம் அது. பிள்ளைகள் முன் ஊர்ப் பெயர் சொல்லாதிருத்தல் பாதுகாப்பாயிற்று. பின்னர் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே லயங்களும் எரிந்தன; பெட்டிகளும் எரிந்தன. இவர் பெட்டி தப்பியது நற்பேறே.

மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நாகரிகங் கருதி மறைப்பது முறையன்று. கடல் கடந்து வந்தோரிற் பெரும் பகுதியினர் ஊரிலே ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்ப்பெயரைக் கூறினால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதாகவே இருக்கும். பண்ணையாரின் நிலத்திலே கட்டுண்டு கிடந்த ஒருவர்க்கு, கங்காணியின் கடனும் ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்கக்கூடும். அவ்வாறு விட்டுவந்த ஊரை நினைவுபடுத்தப் பலர் விரும்பவில்லை.

குடும்பத்தின் மற்றைக் கிளையை அறியப் பேரன் கடல் கடக்கவேண்டியவனாகிறான். 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கையிலே பிரித்தது எளிது. வீட்டிலே அது, மூதாட்டியாரின் தமையன் போவது, தங்கை நிற்பது என்று முடிந்தது. 1970களிலே தமையன் மனைவி மக்களுடன் தலைமன்னாரிற் கப்பலேறினார். மண்டப முகாமிலே குடும்ப அட்டை பெற்று, நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலே மீண்டும் தேயிலையையே நட்டார். அந்தக் கப்பற் சேவையும் 1984இல் நின்றுபோயிற்று. தங்கை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால், ஐம்பதாவது வயதிலே, தாம் பிறந்த நாட்டின் பிரசையானார்.

கோத்தகிரியிலே தமையனாரின் மகன் இருக்கிறார். அவர் வைத்திருக்கும் பழைய இந்தியக் கடவுச்சீட்டிலே குடும்பத்தின் சொந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் பழுப்புக் கடிதத்திலுள்ள ஊரே. இருவரும் அவ்வூருக்குச் செல்கின்றனர். ஆத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். நிலமில்லாத குடும்பமாதலால் கிராமக் கணக்கிலே தேடிப் பயனில்லை. குலதெய்வக் கோயிலே புகலிடம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் வழக்கம் அப்பகுதிகளிலுண்டு. எந்த வீட்டார் எத்தனை தலைக்கட்டு என்பதைக் கோயிற் பெரியவர்கள் மறப்பதில்லை. 'கண்டிக்குப் போனவர்கள்' என்று ஒரு வீட்டாரை அவர்கள் சொல்கிறார்கள். அவ்வீட்டில் இப்பொழுது இருப்போரின் பேச்சும், அப்பாயி, அம்மாயி என்ற முறைச்சொற்களும், மாசியிலே ஆடும் கூத்தும் திம்புளை லயத்தில் உள்ளவை போலவே இருக்கின்றன. உறவு கலந்து, சோறுண்டு, படமெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தாத்தாவின் பெயர் எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் சொல்லும் பெயர்கள் வேறு.

பேரன் திரும்பிவந்து, எழுதிக்கொண்டுவந்த பெயர்களை ஒவ்வொன்றாக மூதாட்டியாருக்கு வாசிக்கிறான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்து, மூன்றாவது பெயரிலே நிறுத்துகிறார்.

"அது எங்க அப்பாயியோட தம்பி. நீ போனது அப்பாயி பொறந்த வீடு. எங்க தாத்தா ஊரு அதில்ல."

"ஐயா பொறந்த ஊருன்னு அதைத்தானே கடுதாசில போட்டிருக்கு?"

"ஆமா, ஐயா அங்கதான் பொறந்தாரு. தலைப்பிள்ளை தாய்வீட்டுலதானே பொறக்கும்? கேட்ட தொரைக்கு அது தெரியுமா? நீயும் ஐயா பொறந்த ஊரைத்தானே கேட்ட."

தாத்தாவின் ஊர் ஆற்றுக்கு அக்கரையிலே, நடந்தால் அரை நாள் வழி என்கிறார். பெயரையும் சொல்கிறார். பேரன் கொப்பியிலே ஒரு புதிய பக்கத்தைத் திறக்கிறான்.